மூன்று நோட்டுகளும் ஒரு ஜெனரேட்டரும்: மாநாட்டுக் குறிப்புகளைப் பகிர்ந்துகொண்டதில் நடந்தவை

இதில் யாருடைய பெயரும் இல்லை. ஊர்ப் பெயரையும் மாநாட்டின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே இது வெளியே வருகிறது. ஒருவர் மட்டும் இரண்டு பத்திகளை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் கதை கொஞ்சம் மொட்டையாகத் தெரிந்தால் காரணம் அதுதான்.

பின்னணி

எங்கள் நாடகக் குழு வட மாவட்டம் ஒன்றின் சிறு நகரத்தில் இயங்குகிறது. 14 பேர் இருக்கிறோம். நாடகத்திலிருந்து மாதச் சம்பளம் பெறுபவர்கள் இரண்டு பேர் மட்டுமே. மற்றவர்களில் பள்ளி ஆசிரியர் உண்டு, கூட்டுறவுச் சங்க ஊழியர் உண்டு, வயரிங் வேலை பார்க்கும் இளைஞர் உண்டு. ஒரு தொடக்கப் பள்ளியின் கூடத்தில் மாலை 6.30க்கு மேல் ஒத்திகை பார்க்கிறோம். பெஞ்சுகளை ஓரம் தள்ளுவதற்கே கால் மணி நேரம் போய்விடும். நான் குழுவின் கணக்கை எழுதுபவன். மேடையில் எனக்கு வேலை கிடையாது, மாநாட்டுக்கும் போகவில்லை. நடந்ததைத் தள்ளி நின்று பார்க்க முடிந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

சுற்றுவட்டாரத்தில் தெருக்கூத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படித்து இரவில் கூத்து நடத்தும் மாதங்களில் எங்கள் நாடகத்துக்கு ஆள் கிடைக்காது. பார்க்கவும் வரமாட்டார்கள், நடிக்கவும் வரமாட்டார்கள். ஒரு கூத்து வாத்தியார் பல ஆண்டுகளாக எங்கள் நடிகர்களுக்கு அடவு சொல்லிக்கொடுக்கிறார். குழுவில் அவருக்குப் பதவி ஒன்றும் இல்லை. ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும்போது யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் அண்டை மாநிலத்தில் நாடகக் கலைஞர்களுக்கான மூன்று நாள் மாநாடு ஒன்று நடந்தது. எங்கள் குழுவிலிருந்து மூன்று பேரை அனுப்பினோம்: இயக்குநர், விளக்குப் பொறுப்பாளர், நிர்வாகம் பார்க்கும் நடிகை. அவரை எல்லோரும் அக்கா என்றுதான் அழைப்போம், இங்கும் அப்படியே எழுதுகிறேன். ரயில் டிக்கெட், தங்குமிடம், பதிவுக் கட்டணம் எல்லாம் குழுவின் பொதுப் பணத்திலிருந்து போனது. அந்த ஆண்டு புதிய ஆடைகள் தைக்க வைத்திருந்த பணம் அது. ஆகவே போய்வந்தவர்கள் எதைக் கொண்டுவந்தார்கள் என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் இருந்தது. கேட்கவும் செய்தார்கள்.

மூன்று நோட்டுகள்

மூவரும் தனித்தனி நோட்டில் எழுதினார்கள். யார் எதை எழுதுவது என்று கிளம்பும்போது பேசிக்கொள்ளவில்லை. திரும்பி வந்த பிறகு மூன்று நோட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். மூன்று வெவ்வேறு மாநாடுகளுக்குப் போய்வந்தவர்கள் எழுதியதுபோல இருந்தன.

இயக்குநரின் நோட்டில் வாக்கியங்கள் இருந்தன. நடிகனின் மௌனம், பார்வையாளரின் உடல், வெற்றிடம் என்று பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடிட்டிருந்தார். யார் சொன்னது என்று பல இடங்களில் குறிக்கவில்லை. விளக்குப் பொறுப்பாளரின் நோட்டில் ஏறக்குறைய எல்லாமே படம்: சதுரங்கள், அம்புக்குறிகள், எண்கள். ஒரு பக்கத்தில் தேநீர் டம்ளரின் வட்டக் கறை. அதன் மேல் ஒரு பெட்டி வரைந்து, பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: ‘7.5 கே.வி.ஏ. – 8 பார் + ஒலி – தாராளம்.’ கே.வி.ஏ. என்பது ஜெனரேட்டரின் திறன் அளவு, பார் என்பது ஒரு வகை மேடை விளக்கு. இந்த ஒரு வரி பின்னால் வரும்.

அக்காவின் நோட்டில் பெயர்கள், தொலைபேசி எண்கள், எந்த அரங்குக்கு என்ன வாடகை, வேன்காரர் கிலோமீட்டருக்கு எவ்வளவு கேட்கிறார் என்ற கணக்கு. கடைசி இரண்டு பக்கங்களில் மட்டும் பொடி எழுத்தில் இரண்டு அமர்வுகளின் குறிப்பு இருந்தது. ஒன்று, நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது ஏதாவது கெட்டுப்போனால் யார், எப்படி நிறுத்துவது என்பது. மற்றது, நாடகக் குழுக்களில் பெண்களின் பாதுகாப்பு.

முதல் பகிர்வு

அவர்கள் ஊர் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடினோம். 12 பேர் வந்திருந்தார்கள். இயக்குநர் முதலில் பேசினார். மூத்தவர், நன்றாகவும் பேசுவார். இரண்டரை மணி நேரம் பேசினார். மாநாட்டில் பார்த்த ஒரு நாடகத்தை எழுந்து நடித்தே காட்டினார். அந்தப் பத்து நிமிடமும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மற்ற நேரத்தில் தலைகள் தொங்கின.

அடுத்து விளக்குப் பொறுப்பாளர் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். கரும்பலகையில் படம் போட்டார். அது அவருக்குப் புரிந்தது. வயரிங் தெரிந்த தம்பிக்கு முக்கால்வாசி புரிந்தது. அவர்தான் பொறுப்பாளர் ஊரில் இல்லாதபோது விளக்குகளைப் பார்த்துக்கொள்பவர்.

அக்காவின் முறை வந்தபோது மணி ஒன்றரை. சாப்பாடு வந்துவிட்டிருந்தது. அவர் பத்து நிமிடத்தில் வேன் வாடகையைச் சொல்லிவிட்டு, மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டார். அந்த அப்புறம் வரவே இல்லை.

வாத்தியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த ஊரில் விளக்குப் போடுவதற்கு மட்டும் எத்தனை பேர் என்று. விளக்குப் பொறுப்பாளர் யோசித்து ஆறு பேர் என்றார். வாத்தியார் தலையாட்டிவிட்டு வெற்றிலையை மடித்தார். அந்தக் கேள்வியை அப்போது நாங்கள் யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. நம் ஊரில் ஒருவர், அதுவும் சில நாள் வேறொருவர் என்பதைத்தான் அவர் சுட்டினார் என்று பிறகு தோன்றியது.

அன்று சாயங்காலம் விளக்குப் பொறுப்பாளர் தன் நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 23 படங்கள். பகிர்வு முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி.

தமிழ் நவீன நாடகத்தில் இப்படிப் போய்க் கற்று வந்து சொல்லிக்கொடுப்பது புதிதல்ல. 1977இல் காந்திகிராமத்தில் நடந்த பயிற்சி முகாமும், 1980இல் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் நடத்திய முகாமும் இங்கே பல குழுக்களுக்கு விதை போட்டவை. அங்கிருந்து திரும்பியவர்கள் ஊருக்கு வந்ததும் எல்லோரையும் தரையில் இறக்கிப் பயிற்சிதான் கொடுத்தார்கள் என்று மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்களுக்கு இதெல்லாம் தெரிந்தே இருந்தது. இருந்தும் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் கேட்டோம்.

சித்திரையில் நடந்த நிகழ்ச்சி

சித்திரை மாதம் 20 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்துக் கோயில் திடலில் எங்களுக்கு நிகழ்ச்சி இருந்தது. விளக்குப் பொறுப்பாளர் உறவினர் திருமணத்துக்குப் போய்விட்டார். தம்பி பொறுப்பேற்றார். ஜெனரேட்டரை விழாக் குழுவினரே வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார்கள்: 7.5 கே.வி.ஏ. தம்பி கைப்பேசியை எடுத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தேநீர்க் கறை, பெட்டி, 8 பார், ஒலி, தாராளம். எங்களிடம் இருந்ததும் எட்டுப் பார் விளக்குகள்தாம். எட்டையும் மாட்டினார்.

மாலையில் சோதனை பார்த்தபோது ஒன்றும் ஆகவில்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் பாதி அளவுக்குத்தான் ஏற்றிப் பார்த்தார்கள்; முகத்தில் வெளிச்சம் விழும் இடம் தெரிந்தால் போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். நாடகத்திலும் முதல் மூன்று காட்சிகள் மங்கலான வெளிச்சத்தில் நடப்பவை. நான்காம் காட்சியில் அரசவை. எட்டு விளக்குகளும் முழுதாக ஏற வேண்டும். தம்பி டிம்மர் நெம்புகோல்களை ஒருசேர மேலே தள்ளினார்.

நான் ஜெனரேட்டரிலிருந்து முப்பது அடி தூரத்தில் டிக்கெட் இல்லாத நிகழ்ச்சிக்கு உண்டியல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் அதன் சத்தம் இறங்கியது. ஏற்றத்தில் பாரம் இழுக்கும் டிராக்டர் போல முக்கியது. விளக்குகள் வெள்ளையிலிருந்து செம்மஞ்சளுக்கு வாடின. ஒலிபெருக்கியில் ஒரு உறுமல் கேட்டது. பிறகு எஞ்சின் நின்றுவிட்டது. திடல் முழுக்க இருட்டு.

அரசியாக நடித்தவர் நாலரை அடி உயர மேடைப் பெட்டியின் மேல் நின்றிருந்தார். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. பக்கவாட்டிலிருந்து ஒருவர் இறங்கச் சொன்னார், இன்னொருவர் அசையாமல் நிற்கச் சொன்னார், மூன்றாமவர் டார்ச்சைத் தேடினார். அவர் இறங்கப் பார்த்தார். படி இருந்த பக்கம் வலது; அவர் இடது பக்கம் கால் வைத்தார். கணுக்கால் சுளுக்கியது. எலும்பு முறியவில்லை என்பதை மறுநாள் எக்ஸ்ரே எடுத்துத்தான் தெரிந்துகொண்டோம். மூன்று வாரம் நடக்கச் சிரமப்பட்டார். அவர் வேலை பார்க்கும் கடையில் நின்றுகொண்டேதான் வேலை. அந்த மூன்று வாரச் சம்பளத்தைக் குழு கொடுத்தது. அதில் பாதியை அவர் திருப்பிக் கொடுத்தார், நாங்கள் வாங்கவில்லை.

கோயில் மண்டபத்தின் குழல்விளக்குகள் மின்வாரிய இணைப்பில் எரிந்துகொண்டிருந்தன. 25 நிமிடத்துக்குப் பிறகு அந்த வெளிச்சத்தில் அரசி இல்லாமலே நாடகத்தைச் சுருக்கி முடித்தார்கள். ஊர்க்காரர்கள் ஒன்றும் குறை சொல்லவில்லை. பேசிய தொகையைக் குறைக்கவும் இல்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

என்ன தவறு நடந்தது

தம்பியைத் திட்ட வேண்டும் என்றுதான் முதலில் சிலருக்குத் தோன்றியது. வயரிங் தெரிந்தவர் கணக்குப் போட்டிருக்க வேண்டாமா என்றார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் பார் விளக்கு பழைய ஹாலஜன் வகை. ஒன்று 1,000 வாட். 230 வோல்ட்டில் ஒரு விளக்கு ஏறக்குறைய 4.3 ஆம்பியர் இழுக்கும். எட்டுக்கு 8 கிலோவாட். 7.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தரக்கூடியது சுமார் 6 கிலோவாட். ஒலி, ஒப்பனை அறையின் மின்விசிறிகள் எல்லாம் அதற்கு மேல். ஐந்து விளக்குக்கு மேல் மாட்டியிருக்கவே கூடாது.

ஆனால் மாநாட்டில் சொன்னதும் தவறில்லை. விளக்குப் பொறுப்பாளர் ஊர் திரும்பியதும் அவரை உட்காரவைத்து, அந்த அமர்வை முதலிலிருந்து சொல்லச் சொன்னோம். சிறு குழுக்களுக்கான மேடை மின்சாரம் பற்றிய அமர்வு அது. பேசியவர் தலைக்கு மேலே கம்பத்தில் எட்டு விளக்குகள் தொங்கின. அவற்றைக் கையால் காட்டித்தான் எட்டுப் பார் என்றார். அவை எல்.இ.டி. பார்கள், ஒன்று 200 வாட்டைத் தாண்டாது. எட்டும் சேர்ந்தாலும் எங்கள் இரண்டு விளக்குக்குக்கூட ஈடாகாது. அந்த அரங்கில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அது கண்ணெதிரே தெரிந்தது. அதனால் யாரும் அதை எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே தோன்றாது. எங்கள் பொறுப்பாளருக்கும் தோன்றவில்லை.

இதை அவர் சொன்னபோது கூடத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அக்கா தன் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் படித்தார். நாடகத்தை நிறுத்த வேண்டி வந்தால் குரல் கொடுப்பவர் ஒருவராக மட்டுமே இருக்க வேண்டும். அவர் சொல்லும் ஒற்றைச் சொல்லுக்கு எல்லோரும் நின்ற இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். உயரத்தில் நிற்பவர் உட்கார்ந்துகொள்ள வேண்டும். வெளிச்சம் வந்து, அதே குரல் சொன்ன பிறகுதான் நகர வேண்டும். நான்கு வரிகள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடத்தில் விடுபட்டுப்போன நான்கு வரிகள்.

பகிரக் கூடாததைப் பகிர்ந்தது

இதே வாரத்தில் இன்னொன்று தெரியவந்தது. மாநாட்டின் பாதுகாப்பு அமர்வில் வேறொரு குழுவைச் சேர்ந்த பெண் தனக்கு நேர்ந்ததைப் பேசியிருக்கிறார். இது இந்த அறைக்குள் இருக்கட்டும் என்று அமர்வை நடத்தியவர் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறார். எங்கள் இயக்குநர் அதைக் கேட்டு உண்மையிலேயே கலங்கியவர். முதல் பகிர்வு நாளில், உருக்கமாக, குழுவின் பெயரோடு சொல்லிவிட்டார். எங்கள் 12 பேரில் ஒருவருக்கு அந்தக் குழுவில் நண்பர் இருந்தார். ஏப்ரல் இறுதியில் அந்தப் பெண்ணின் காதுக்கே அது திரும்பிப் போனது.

இயக்குநர் அவருக்குத் தொலைபேசியில் பேச முயன்றார். அக்கா தடுத்தார். நேரடியாக அழைத்து அவரை மறுபடியும் பேசவைக்க வேண்டாம் என்றார். அமர்வை நடத்தியவர் வழியாக எழுத்தில் மன்னிப்புக் கேட்டோம். பதில் வந்தது, அதை இங்கே எழுதப் போவதில்லை. நான் எடுத்துவிட்டதாகச் சொன்ன இரண்டு பத்திகளும் இந்த இடத்தில் இருந்தவை.

அதே அமர்வில் அக்கா எழுதிவைத்த ஒரு செய்தி எங்கள் குழுவுக்கு நேரடியாகத் தேவைப்பட்டது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும். சம்பளம் வாங்குபவர்கள் இரண்டே பேர் என்பதால் அது நமக்குப் பொருந்தாது என்று இத்தனை காலம் நினைத்திருந்தோம். சம்பளமின்றித் தன்னார்வமாக வேலை செய்பவரையும் அந்தச் சட்டம் பணியாளர் என்ற சொல்லுக்குள் சேர்க்கிறது என்று அக்காவின் குறிப்பில் இருந்தது. ஒரு வழக்கறிஞரிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொண்டோம். மேலே சொன்ன பெண்ணின் கதை எங்களுக்கு வந்துசேர்ந்தது. எங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துசேரவில்லை. முதல் பகிர்வைப் பற்றி நான் சொல்லக்கூடிய மிகக் கடுமையான வார்த்தை இதுதான்.

எடுத்த முடிவுகள்

மே மாதக் கடைசியில் மூன்று மாலைகள் உட்கார்ந்து பேசினோம். முதல் முடிவு, நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவதில்லை. படமாக வரும்போது அதற்கு அச்சடித்த புத்தகத்தின் தோரணை வந்துவிடுகிறது. எழுதியவரிடம் திரும்பிக் கேட்கத் தோன்றுவதில்லை. ஆசிரியராக இருக்கும் உறுப்பினர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. எழுத்து இல்லாவிட்டால் ஞாபகம் என்ற பெயரில் இன்னும் பெரிய தவறு வரும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் ஒரு நடுவழிக்கு வந்தோம்: எழுதலாம், ஆனால் ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே அங்கே என்ன இருந்தது, இங்கே என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிய பிறகுதான் அது குழுவுக்கு வரும். எத்தனை ஆட்கள், என்ன கருவி, எவ்வளவு பணம், எப்படிப்பட்ட இடம். வாத்தியார் கேட்ட ஒரே கேள்வியை நாங்கள் இவ்வளவு நீட்டி எழுதிக்கொண்டோம், அவ்வளவுதான்.

இரண்டாவது, போய்வந்தவர் செய்துகாட்டக் கூடாது. போகாதவர் செய்ய வேண்டும். போனவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இதற்கான காரணம் அனுபவத்தில் வந்தது. விளக்குப் பொறுப்பாளர் கரும்பலகையில் விளக்கியபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தம்பி கை வைத்திருந்தால் அந்தக் கூடத்திலேயே, எந்தப் பார், நம் பாரா என்று கேட்டிருப்பார்.

மூன்றாவது, வழக்கமாகக் கடைசியில் பேசுபவர் முதலில் பேச வேண்டும். இயக்குநரே இதைச் சொன்னார். அவருக்கு எளிதாக இருந்திருக்காது.

நான்காவது பற்றி விவாதமே நடக்கவில்லை. மற்றவர் தன்னைப் பற்றிச் சொன்னது எதுவும் குறிப்பாகாது.

இரண்டாம் பகிர்வு

ஜூன் மாதம் இரண்டாம் ஞாயிறு. இந்த முறை நாற்காலிகள் போடவில்லை. அக்கா முதலில் பேசினார், 40 நிமிடம். பிறகு தம்பி எட்டு விளக்குகளையும் கூடத்துக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக இணைத்தார். கடன் வாங்கிய கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டி, ஓடும் மின்சாரத்தின் அளவைச் சத்தமாகப் படித்தார். பள்ளியின் இணைப்பு தாங்காது என்பதால் மூன்றோடு நிறுத்திவிட்டு, மீதியைக் கணக்கில் பெருக்கினார். விளக்கைப் பற்றி ஒன்றும் தெரியாத நடிகர்கள்கூட, மூன்றாவது விளக்கு எரிந்ததும் சுவரிலிருந்த பழைய சுவிட்ச் பெட்டியைத் தொட்டுப் பார்த்தவுடன் விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். அது சூடாக இருந்தது.

நிறுத்தும் பயிற்சிக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. மாநாட்டில் ஹோல்ட் என்று சொல்லித்தந்திருந்தார்கள். தமிழில் நில் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் ஆசிரியர். வாத்தியார் சிரித்துவிட்டார். கூத்திலும் சரி, எங்கள் நாடகத்திலும் சரி, மேடை ஏறும் ராஜாக்கள் வாயைத் திறந்தாலே சொல்வது நில்லடா என்பதைத்தான். எதற்கு நிற்பது, எதற்கு நடிப்பது என்று கேட்டார். விசில் யோசித்தோம், பார்வையாளர்களே அடிப்பார்கள். கடைசியில் ஹோல்ட் என்பதையே வைத்துக்கொண்டோம். எந்தத் துரியோதனனும் அதைச் சொல்லமாட்டான்.

அன்று மூன்று முறை சொல்லாமல் விளக்கை அணைத்தோம். முதல் முறை நான்கு பேர் நகர்ந்தார்கள். மூன்றாம் முறை யாரும் நகரவில்லை. சுளுக்கிய நடிகையும் அன்று வந்திருந்தார். குரல் கொடுக்கும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

வாத்தியார் அப்போதுதான் பேசினார். விளக்கு போனால் கூத்தில் ஒரு குழப்பமும் வராது, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வருவான் என்றார். வேஷம் கட்டியவன் நின்ற இடத்தில் நிற்பான், மத்தளக்காரர் தாளத்தை விடமாட்டார், கட்டியங்காரன் முன்னால் வந்து ஊர்க் கதை பேசுவான், பெட்ரோமாக்ஸ் வரும்வரை. ராத்திரி முழுக்க விடிய விடிய ஆடுகிறவர்களுக்கு விளக்கு போவது ஒரு செய்தியா என்று கேட்டார். இதை முன்பே ஏன் சொல்லவில்லை என்று தம்பி கேட்டதற்கு, நீங்கள் கேட்கவில்லையே என்றார். நாங்கள் ஆடைப் பணத்தைச் செலவழித்து ரயிலேறிப் போய் எழுதிவந்த நான்கு வரிகளில் மூன்று, வாரம் இரண்டு நாள் எங்கள் கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நான்காவது, உயரத்தில் நிற்பவர் உட்கார வேண்டும் என்பது மட்டும் புதிது. கூத்து ஆடும் இடமான களரி தரையில் இருப்பதால் அவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

எல்லாமே பலித்தது என்று சொல்ல முடியாது. இயக்குநர் மாநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு பயிற்சி, ஒரு மணி நேரம் பேசாமல் மெதுவாக நடப்பது. அவருக்கு அது பெரிதாகப் பட்டது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இருபதாவது நிமிடத்தில் கண் சொருகியது. ஒருவர் சுவரில் மோதிக்கொண்டார். அங்கே என்ன இருந்தது என்ற வரியில் இயக்குநர் காலை ஏழு மணி, நல்ல தூக்கம், மரத்தரை என்று எழுதினார். இங்கே என்ற வரியில் இரவு எட்டரை, சிமெண்டுத் தரை என்று எழுதிவிட்டு அவரே அதைக் கைவிட்டார்.

பின்னர் நடந்தவை

ஆவணியில் ஒரு திறந்தவெளி நிகழ்ச்சியின் நடுவே காற்றும் மழையும் வந்தன. பக்கவாட்டுத் திரையின் மூங்கில் கம்பம் சாய ஆரம்பித்தது. ஹோல்ட் என்ற குரல் கேட்டது. மேடையில் இருந்த ஆறு பேரும் நின்றார்கள். உயரத்தில் இருந்தவர் உட்கார்ந்தார். எங்கள் நாடகத்தில் கட்டியங்காரன் கிடையாது. ஆனால் காவலாளி வேடம் போட்டவர் முன்னால் வந்து, மழைக்கு ஒதுங்க இடம் சொல்லி, இரண்டு நகைச்சுவையும் சொன்னார். நான்கு நிமிடத்தில் கம்பத்தை இறக்கிவிட்டார்கள். அன்று நாடகம் தொடரவில்லை, மழை விடவில்லை. யாருக்கும் அடிபடவில்லை.

உள்ளகக் குழுவைச் சட்டம் சொல்கிறபடி ஒரு பெண்ணின் தலைமையில், வெளியிலிருந்து ஒருவரையும் சேர்த்து அமைத்தோம். வெளி உறுப்பினரைத் தேடுவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று.

புரட்டாசியில் பக்கத்து ஊர்களிலிருந்து இரண்டு நாடகக் குழுக்களையும் ஒரு கூத்து ஜமாவையும் அரை நாளுக்கு அழைத்தோம். மின்சாரக் கணக்கை அன்றும் தம்பிதான் செய்துகாட்டினார். கூத்துக்காரர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். இப்போது அவர்களும் சீரியல் செட்டும் ஒலிபெருக்கியுமாக ஜெனரேட்டரை நம்பித்தான் ஆடுகிறார்கள். ஒருவர் கிளாம்ப் மீட்டர் எங்கே கிடைக்கும், என்ன விலை என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

இன்னும் மாற்ற வேண்டியவை

இரண்டு வரி எழுதும் பழக்கம் நான்கு மாதம் நன்றாக நடந்தது. அதன் பிறகு தளர்ந்துவிட்டது. இப்போது மின்சாரம், உயரம், பணம் சம்பந்தப்பட்ட குறிப்புகளுக்கு மட்டும் கட்டாயமாக்கியிருக்கிறோம். எல்லாவற்றுக்கும் கேட்டிருந்தால் எதற்கும் கிடைத்திருக்காது.

அடுத்த முறை யாரை அனுப்புவது என்பதையும் வேறு மாதிரி முடிவு செய்வோம். பொறுப்பில் மூத்தவர்களை மட்டுமே அனுப்பினோம். நிகழ்ச்சி நாளில் டிம்மரின் முன்னால் உட்காரப்போகும் தம்பியை அனுப்பியிருந்தால், அவர் தலையை நிமிர்த்தி மேலே என்ன விளக்கு தொங்குகிறது என்று பார்த்திருப்பார். கிளம்புவதற்கு முன்பே யார் எந்த அமர்வில் உட்காருவது, யார் எதை எழுதுவது என்று ஒரு மாலை பேசிக்கொள்வோம். திரும்பி வந்து எதையெல்லாம் சொல்லக் கூடாது என்று அங்கேயே அமர்வு நடத்துபவரைக் கேட்டுக்கொண்டு வருவோம்.

சோதனையின்போது விளக்குகளை முழு அளவுக்கு ஏற்றிப் பார்க்காதது எங்கள் சொந்தத் தவறு. அதற்கும் மாநாட்டுக் குறிப்புக்கும் தொடர்பில்லை. முதல் முறை எழுதிய அறிக்கையில் இதை விட்டுவிட்டிருந்தோம். தம்பிதான் சேர்க்கச் சொன்னார். இப்போது பார்வையாளர்கள் வருவதற்கு முன் எல்லா விளக்குகளையும் முழுதாக ஏற்றி, பத்து நிமிடம் அப்படியே விட்டுவைக்கிறோம். அந்தப் பத்து நிமிடமும் அவர் ஜெனரேட்டரின் பக்கத்தில் போய் நின்று அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.